கட்டடக் கலைஞர்களைப் பற்றிய படப் புத்தகங்களை நம்பி வாங்கலாமா?

உங்கள் ஏழு வயது மகள் எந்நேரமும் அட்டைப்பெட்டியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படப் புத்தகங்களை அவளுக்கு வாங்கித் தரலாமா, அந்த வயதுக்குப் புரியுமா, அதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி மாதிரி இருந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றைத்தான் என்று எனக்குப் படுகிறது. இந்தப் புத்தகங்கள் கட்டடத்தைப் பற்றி ஏதாவது சொல்லித் தருமா, இல்லை ‘பெரிய மனிதர் ஒருவர் கனவு கண்டார், ஜெயித்தார்’ என்ற கதையையே ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சொல்லுமா? நான் கட்டடக் கலை படித்தவள், அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். கூடவே பல வருடங்களாகக் குழந்தைகளுக்கான கட்டட வகுப்புகளும் நடத்துவதால், இந்த வகைப் புத்தகங்களைப் பொறுக்கி எடுப்பதும் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பதும் பழகிப்போன வேலை. கட்டடம் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தைரியமாகவே சொல்வேன். குழந்தை உளவியல் நான் படித்ததில்லை, அதனால் எந்த வயதுக்கு எது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துச் சொல்வதுதான்.

புரியுமா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். புரியும், பெரியவர்களுக்குப் புரிவதைவிட நன்றாகவே புரியும் சில விஷயங்கள் உண்டு. கட்டடத்தைக் கத்தியால் நேராக வெட்டி உள்ளே இருப்பதைக் காட்டும் குறுக்குவெட்டுப் படம், அதைத் தொழிலில் செக்‌ஷன் என்போம், வீடு கட்ட வருபவர்களில் பாதிப் பேருக்கு அது பிடிபடாது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு பக்கச் சுவரை எடுத்துவிட்ட பொம்மை வீடு, விரலை வைத்துப் படிக்கட்டில் ஏறிப் போய்விடும். மேலிருந்து பார்க்கும் பிளான்தான் கொஞ்சம் தாமதமாகப் பிடிபடும், எட்டு ஒன்பது வயதாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு நிஜமாகவே கடினமாக இருப்பது காலம். ‘பதினாறு வருடம் கட்டினார்கள்’ என்று வாசித்தால் தலையை ஆட்டுவார்கள், ஆனால் அது தங்கள் வயதைப் போல இரண்டு மடங்கு என்பது உறைக்காது. அப்புறம், ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. ‘இவரே கட்டினாரா?’ இந்தக் கேள்விக்குப் புத்தகம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று பாருங்கள். நான் புத்தகத்தை எடைபோடுவது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், படப் புத்தகம் என்ற வடிவத்திலேயே ஒரு நெருக்கடி இருக்கிறது. வழக்கமாக 32 பக்கம். அச்சுத்தாளை மடித்து வெட்டும் கணக்கில் அது வசதி, 40, 48 என்றும் போகும், அதற்கு மேல் அபூர்வம். தலைப்புப் பக்கமும் பின்குறிப்பும் போக, கதைக்குப் பதின்மூன்று பதினான்கு விரிபக்கங்கள், அதாவது புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டிரண்டு பக்கங்கள், கிடைத்தால் அதிகம். அதற்குள் ஒரு முழு வாழ்க்கை, ஒரு கட்டடம், ஒரு சண்டை, ஒரு வெற்றி. அதனால் எழுதுபவர்கள் தேய்ந்த தடத்திலேயே ஓட்டிவிடுகிறார்கள். சின்ன வயதில் எதையோ பார்த்து வியந்தார், வளர்ந்தார், எல்லோரும் சிரித்தார்கள், அவர் விடவில்லை, கடைசியில் கட்டடம் எழுந்தது, மக்கள் கை தட்டினார்கள். ஓட்டப்பந்தய வீரருக்கு இந்தத் தடம் ஓரளவு பொருந்தலாம். ஓடுவது அவர் கால். கட்டடம் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான பேரின் கை, பல வருட வேலை, அடுத்தவர் பணம். கட்டடக் கலைஞர் செய்யும் வேலையில் பெரும்பகுதி காகிதத்தோடு நின்றுவிடும் என்பதையும் இந்தத் தடம் மறைத்துவிடும்.

ஜாஹா ஹதீதை எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் புத்தகங்களில் அடிக்கடி வருபவர். 1950-இல் பாக்தாத்தில் பிறந்தார், பெய்ரூத்தில் கணிதம் படித்தார், லண்டனில் கட்டடக் கலை படித்தார். 1983-இல் ஹாங்காங் மலை உச்சிக்கான போட்டியில் வென்றார், கட்டப்படவில்லை. 1994-இல் கார்டிஃப் ஓபரா அரங்கப் போட்டியிலும் வென்றார், அதுவும் கட்டப்படவில்லை. பெயர் சொல்லும்படியான முதல் கட்டடமான விட்ரா தீயணைப்பு நிலையம் ஜெர்மனியில் எழுந்தது 1993-இல், அப்போது அவருக்கு நாற்பது தாண்டிவிட்டது. 2004-இல் கட்டடக் கலையின் மிகப் பெரிய விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருது, அதை வாங்கிய முதல் பெண். இந்த நடுவிலிருக்கும் பத்துப் பதினைந்து வருடத்தைப் புத்தகம் என்ன செய்கிறது? ‘நிறையப் பேர் வேண்டாம் என்றார்கள்’ என்று ஒரே வரியில் தாண்டிவிட்டு, பளபளவென்று முடிந்த கட்டடங்களை எட்டுப் பக்கத்துக்கு வரைந்தால், அழகாக இருக்கும், ஆனால் பிள்ளைக்குக் கிடைப்பது விளம்பரப் பிரசுரம். கட்டப்படாத ஓவியங்களுக்கும் இரண்டு விரிபக்கம் ஒதுக்கிய புத்தகம் என்றால் தாராளமாக எடுங்கள். அவருடைய அந்தக் கால ஓவியங்கள் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், வெடித்துச் சிதறிப் பறப்பது மாதிரி இருக்கும்.

‘சின்ன வயதிலேயே விதி எழுதப்பட்டுவிட்டது’ என்ற பகுதியைத்தான் அதிகம் சந்தேகப்படுவேன். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் அம்மா அவருக்கு ஃப்ரோபெல் என்ற குழந்தைகளுக்கான விளையாட்டு மரக்கட்டைகள் வாங்கிக்கொடுத்தார், அது உண்மை. அந்தக் கட்டைகளால்தான் அவர் கட்டடக் கலைஞர் ஆனார் என்பது அவரே தன் சுயசரிதையில் கட்டிய கதை. அதே மனிதர் தன் பிறந்த வருடத்தையே 1869 என்று சொல்லிவந்தார், சரியானது 1867. தன்னைப் பற்றிப் பேசும்போது அவரை எவ்வளவு நம்புவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். அந்தக் கட்டைகளை வைத்து விளையாடிய எத்தனையோ ஆயிரம் குழந்தைகள் வேறு என்னென்னவோ ஆனார்கள். அவர் வாழ்க்கையில் குழந்தைகளுக்குச் சொல்ல முடியாத பகுதிகளும் உண்டு, 1909-இல் மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குப் போனது போல. இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் புத்தகம் பொய் சொல்கிறது என்று நான் நினைப்பதில்லை, 32 பக்கத்தில் எல்லாம் வராது. ஆனால் விட்ட இடத்தில் ‘அன்பான குடும்பத் தலைவர்’ என்று ஒரு படத்தை ஒட்டினால் அது பொய்தான்.

உண்மை எது, கதை எது என்பதற்கு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடம் நல்ல உதாரணம். புருனெல்லெஸ்கி 1418-இல் நடந்த போட்டியில் தன் திட்டத்தை வைத்தார், 1420-இல் வேலை தொடங்கியது, 1436-இல் உச்சியிலிருக்கும் விளக்குக் கூண்டு நீங்கலாகக் குவிமாடம் முடிந்தது. இதெல்லாம் ஆவணத்தில் இருப்பது. போட்டியில் எல்லோரிடமும் ஒரு முட்டையை நிற்கவைக்கச் சொல்லி, யாராலும் முடியாதபோது இவர் அடியை லேசாகத் தட்டி நிறுத்தினார் என்று ஒரு கதை, பிள்ளைகள் புத்தகங்களில் ஏறக்குறைய தவறாமல் வரும். அதை எழுதியவர் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த வசாரி, 1550-இல், அதாவது சம்பவம் நடந்ததாகச் சொல்வதற்கு நூற்று முப்பது வருடம் கழித்து. இதே முட்டைக் கதையைக் கொலம்பஸ் பேரிலும் சொல்வார்கள். சுவையான கதை, வாசித்துச் சிரிக்கலாம், ஆனால் ‘இப்படி ஒரு கதை சொல்வார்கள்’ என்று புத்தகம் எழுதியிருக்க வேண்டும்.

எனக்குக் கோபம் வருவது முட்டைக்காக இல்லை. முட்டைக்கு இரண்டு விரிபக்கம் கொடுத்துவிட்டு, செங்கலுக்கு ஒன்றும் கொடுக்காமல் போவதற்காகத்தான். அந்தக் குவிமாடத்தின் அதிசயம் அது சென்ட்ரிங் இல்லாமல் எழுந்தது. வளைவு கட்டும்போது கலவை இறுகும்வரை தாங்கிக்கொள்ள அடியில் மரத்தில் முட்டுக் கொடுப்பார்கள் இல்லையா, ஏறக்குறைய 45 மீட்டர் அகலமான, அவ்வளவு உயரத்தில் தொடங்கும் ஒன்றுக்குத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்க மரத்துக்கு எங்கே போவது? முட்டே இல்லாமல் கட்டலாம் என்றார் புருனெல்லெஸ்கி. மேலே போகப்போகச் சுவர் உள்பக்கமாகச் சாயும், ஈரக் கலவையின் மேல் வைத்த செங்கல் வழுக்கி விழப் பார்க்கும். அதற்கு அவர்கள் செய்தது, படுக்கையாக நான்கைந்து செங்கல் வைத்தபின் ஒரு செங்கலைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். அது கீழ் வரிசையையும் மேல் வரிசையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், நடுவில் படுத்திருப்பவை இரண்டு நிற்பவற்றுக்கு இடையே இறுகி மாட்டிக்கொள்ளும், வளையம் முழுதாக மூடும்வரை அந்தப் பிடி போதும். அடுத்த வரிசையில் நிற்கும் செங்கல் கொஞ்சம் நகர்ந்து வரும், அதனால் மொத்தத்தில் மீன் முள் மாதிரி ஒரு கோலம் சுற்றிச் சுற்றி மேலேறும். வகுப்பில் தீப்பெட்டிகளை வைத்து இதைச் செய்து காட்டினால் ஆறு வயதுக்காரர்களுக்கே பிடிபட்டுவிடுகிறது. படமே போதும், எழுத்துக்கூட வேண்டியதில்லை. ஆகவே கடையிலோ நூலகத்திலோ ஃபிளாரன்ஸ் புத்தகம் கையில் கிடைத்தால் கட்டும் காட்சியைத் திறந்து பாருங்கள். தரையிலிருந்து குவிமாடம்வரை மரச்சாரம் நிறைத்து வரைந்திருந்தால், ஓவியருக்கு விஷயமே தெரியவில்லை என்று அர்த்தம், கீழே வைத்துவிடலாம். சுவரிலிருந்து துருத்தி நிற்கும் சின்னச் சாரத்தில் ஆட்கள் நிற்க, கீழே மாடுகள் பாரம் தூக்கும் இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால் வாங்கலாம். அந்த மாட்டு இயந்திரமும் அவர் செய்ததுதான். மாட்டை அவிழ்த்துத் திருப்பிக் கட்டாமலே பற்சக்கரத்தை மாற்றிப் பாரத்தை ஏற்றவும் இறக்கவும் முடிந்தது.

‘இவரே கட்டினாரா?’ என்ற கேள்விக்கு வருகிறேன். பாரிஸ் கோபுரத்தைப் பற்றிய புத்தகங்களில் ‘குஸ்தாவ் ஈஃபில் ஒரு கோபுரத்தைக் கனவு கண்டார்’ என்ற வாக்கியம் இருந்தால் அது தப்பு, இதில் தயக்கமே வேண்டாம். 1884-இல் முதல் வரைபடத்தைப் போட்டவர்கள் அவர் நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர்கள் மொரீஸ் கெஷ்லானும் எமீல் நூகியேவும். அந்த வரைபடத்தைப் பார்த்து ஈஃபிலுக்கு முதலில் பெரிய ஆர்வம் வரவில்லை. ஸ்தெஃபான் சொவெஸ்த்ர் என்ற கட்டடக் கலைஞர் அடியில் வளைவுகளைச் சேர்த்து அலங்காரமாக்கிக் கொடுத்த பிறகுதான் அவர் அதைக் கையில் எடுத்தார். எடுத்த பிறகு அவர் செய்தது சின்ன வேலை இல்லை. அரசாங்கத்தோடு வாதாடினார், பணம் திரட்டினார், எழுத்தாளர்களும் ஓவியர்களும் 1887-இல் பத்திரிகையில் கண்டனம் எழுதியபோது எதிர்த்து நின்றார், இரண்டே வருடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் கட்டி முடித்தார். இதையெல்லாம் சொன்னாலே அவர் பெரிய ஆள்தான், கனவையும் அவர் தலையில் கட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, அந்தக் கோபுரத்தில் 25 லட்சம் ரிவெட்டுகள். ஒவ்வொன்றையும் அடிக்க நான்கு பேர் வேண்டும். ஒருவர் ரிவெட்டைச் சூடாக்குவார், ஒருவர் அதைத் துளையில் பிடித்துக்கொள்வார், ஒருவர் மறுபக்கம் தலையைத் தட்டி உருவாக்குவார், ஒருவர் சம்மட்டியால் அடித்து முடிப்பார். ஆறும்போது ரிவெட் சுருங்கி இரும்புத் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இந்த நான்கு பேரும் படத்தில் இருக்கிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள், பிள்ளையின் கேள்விக்கு அதுவே பதில்.

சிட்னி ஓபரா அரங்கு இன்னும் சிக்கல். 1957 போட்டிக்கு 233 விண்ணப்பங்கள், வென்றவர் டென்மார்க்கின் யோர்ன் உட்சன், வயது 38. ஒதுக்கிவைத்திருந்த கட்டிலிருந்து அவர் வரைபடத்தை நடுவர் ஈரோ சாரினென் உருவியெடுத்தார் என்று சொல்லப்படுவதை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. உறுதியானது வேறு. வரைபடத்தில் அழகாக இருந்த கூரையை எப்படிக் கட்டுவது என்று ஜெயித்த அன்று யாருக்கும் தெரியாது. உட்சனும் ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர்களும் பல வருடம் வெவ்வேறு வளைவுகளைப் போட்டுப் பார்த்தார்கள், கூரையின் ஒவ்வொரு துண்டும் வேறுவேறு வடிவமாக வந்ததால் அச்சு செய்தே மாளாது. 1961-இல்தான் கூரையின் எல்லாத் துண்டுகளையும் ஒரே உருண்டையிலிருந்து வெட்டியெடுக்கலாம் என்ற வழி பிறந்தது. எல்லாம் ஒரே உருண்டையின் துண்டு என்றால் வளைவு எல்லா இடத்திலும் ஒன்றே, ஒரே அச்சில் திரும்பத் திரும்ப வார்க்கலாம். ஆரஞ்சை உரிக்கும்போது இது தோன்றியது என்று எழுதியிருந்தால், விளக்குவதற்கு வசதியான கதை என்று எடுத்துக்கொண்டு, ஒரு பந்தைக் காட்டி அதையே விளக்குங்கள், தப்பில்லை. ஆனால் முடிவை மாற்றக் கூடாது. பணத் தகராறு, அரசோடு மனக்கசப்பு, 1966-இல் உட்சன் விலகி ஊரைவிட்டுப் போனார், உட்புறத்தைப் பீட்டர் ஹால் தலைமையில் வேறு ஆட்கள் முடித்தார்கள், 1973-இல் திறப்பு விழா. உட்சன் திரும்பி வரவே இல்லை, முடிந்த கட்டடத்தை நேரில் பார்க்காமலே 2008-இல் இறந்தார். இதைச் சொன்னால் பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள், அப்புறம் ‘ஏன் போகவில்லை’ என்று கேட்பார்கள். அந்த உரையாடலுக்காகவே இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். திறப்பு விழாவில் உட்சன் கையசைத்து நிற்பதாகப் படம் போட்டால் அந்தப் புத்தகத்தை நான் வாசிக்க மாட்டேன்.

சில வாழ்க்கைகள் படப் புத்தகத்துக்கு என்றே அளவெடுத்த மாதிரி அமைந்துவிடும். லாஸ் ஏஞ்சல்ஸில் வேலை செய்த பால் வில்லியம்ஸ் கறுப்பினத்தவர், 1923-இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சங்கத்தில் சேர்ந்த முதல் கறுப்பர். வெள்ளை வாடிக்கையாளர்கள் தன் பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள் என்று தெரிந்து, மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தபடியே தலைகீழாக வரையப் பழகினார். அவர்களுக்கு நேராகத் தெரியும், இவருக்குத் தலைகீழ். பிள்ளைகள் உடனே பென்சிலை எடுத்து முயன்று பார்ப்பார்கள், முதல் முயற்சியில் ஜன்னலெல்லாம் கோணிக்கொள்ளும், ஒரே சிரிப்பு. ஆனால் இதை வெறும் வித்தையாகக் காட்டும் புத்தகம் வேண்டாம். ஏன் அப்படிப் பழக வேண்டியிருந்தது, அவர் வரைந்த வீடுகள் இருந்த சில பகுதிகளில் அவரே குடியிருக்க அனுமதி இல்லை என்பதும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏழு வயதுக்கு அநியாயம் நன்றாகவே புரியும்.

ஃபிரான்சிஸ் கெரே இன்னொருவர். புர்க்கினா ஃபாசோவில் காண்டோ என்ற கிராமம், அங்கே பள்ளிக்கூடம் கிடையாது, ஏழு வயதில் வீட்டைவிட்டு வேறு ஊருக்குப் படிக்கப் போனார், அங்கே வகுப்பறை இருட்டும் புழுக்கமுமாக இருந்தது. தச்சு வேலை கற்க ஜெர்மனி போனவர் அங்கேயே கட்டடக் கலை படித்து, மாணவராக இருக்கும்போதே பணம் திரட்டித் தன் கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார், 2001-இல் முடிந்தது. களிமண்ணில் கொஞ்சம் சிமென்ட் கலந்த செங்கல், அதன்மேல் காற்றுப் போக இடைவெளி விட்டுத் தூக்கிவைத்த தகரக் கூரை. வெயிலில் தகரம் சுடும், அந்தச் சூடு உள்ளே இறங்காது, அறைக்குள் இருக்கும் சூடான காற்றும் மேலே ஏறி இடைவெளி வழியே வெளியேறிவிடும். ஊர்மக்களே கல் சுமந்து, தரை தட்டிக் கட்டினார்கள். இங்கே குழந்தைப் பருவத்துக்கும் கட்டடத்துக்கும் உள்ள தொடர்பு சும்மா ஒட்டவைத்ததில்லை. புழுக்கமான வகுப்பறை என்ற பிரச்சினை, அதற்கு இந்தக் கூரை என்ற விடை, இரண்டும் கண்முன்னால் இருக்கிறது. 2022-இல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது என்பது கடைசி வரியில் வந்தால் போதும்.

மாயா லின்னின் வாஷிங்டன் நினைவுச்சுவர் பற்றிய புத்தகங்களையும் நிறையப் பேர் சொல்வார்கள். வியட்நாம் போரில் இறந்த அமெரிக்க வீரர்களுக்கான நினைவிடம். 1981-இல் 1,421 வடிவங்கள் போட்டிக்கு வந்தன, பெயர் தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், வென்றது 21 வயதுக் கல்லூரி மாணவி. மெருகேற்றிய கறுப்புக் கல்லில் பெயர்கள், வாசிப்பவரின் முகமும் அதில் தெரியும். பெயர்கள் அகரவரிசையில் இல்லை, இறந்த நாளின் வரிசையில் இருக்கும், இரண்டு சுவர்களும் சேரும் மூலையில் தொடங்கி, ஒரு பக்கம் போய், மறு முனையிலிருந்து திரும்பி வந்து அதே மூலையில் முடியும். அருமையான விஷயம்தான், ஆனால் போர், சாவு பற்றிப் பேச நீங்கள் தயாராக இருக்கும் நாளில் எடுங்கள், தூங்கப்போகும் நேரத்தில் வேண்டாம்.

பெயர் தெரியாத, அல்லது பெயர் மட்டும் தெரிந்த கலைஞர்கள் விஷயத்தில் புத்தகங்கள் அதிகம் கதை விடும். தாஜ் மகாலின் கலைஞர் உஸ்தாத் அகமது லாகோரி என்று பொதுவாக ஏற்கிறார்கள், அதற்கு முக்கியமான ஆதாரம் அவர் மகன் எழுதிய ஒரு கவிதை. வேலைக்காரர்களின் கையை வெட்டினார்கள் என்ற கதைக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடையாது, அது வந்திருந்தால் புத்தகத்தை மூடிவிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்ற பெயர் கல்வெட்டில் இருக்கிறது. அவர் எப்படி இருந்தார், சின்ன வயதில் என்ன செய்தார் என்று எழுதினால் அது கற்பனை. கற்பனை என்று சொல்லிவிட்டு எழுதினால் சரி. கோபுர நிழல் தரையில் விழாது என்று எழுதினால், ஒரு சாயங்காலம் அங்கே போனாலே போதும், நிழல் விழுந்துகிடக்கும். இப்படிப்பட்ட இடங்களுக்கு மனிதரை விட்டுவிட்டுக் கட்டடத்தின் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம்தான் பொருத்தம். கல் எங்கிருந்து வந்தது, எப்படி ஏற்றினார்கள், எந்தெந்த இடத்தில் நமக்குத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லும் புத்தகம்.

படங்களைப் பார்த்தே சிலதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்பெயினின் கட்டடக் கலைஞர் கௌடி 1926-இல் டிராம் மோதி இறந்தபோது, பார்சிலோனாவில் அவர் கட்டிக்கொண்டிருந்த சக்ராதா ஃபமீலியா தேவாலயத்தில் முழுதாக முடிந்திருந்தது ஒரே ஒரு மணிக்கூண்டு. அவர் முன்னால் நிற்க, பின்னால் பத்துப் பன்னிரண்டு கோபுரம் வானத்தைத் தொட்டால் அது அவருடைய கற்பனைக் காட்சியா நிஜமா என்று புத்தகம் பிரித்துக் காட்ட வேண்டும். அதே கௌடி, நூல்களைத் தொங்கவிட்டு அதில் சின்னச் சின்ன ஈயக்குண்டுப் பைகளைக் கட்டி, அந்தத் தொங்கும் வளைவைப் புகைப்படம் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிக் கட்டடத்தின் வளைவைக் கண்டுபிடித்தார். தொங்கும்போது இழுவிசை மட்டும் இருக்கும் அதே கோடு, நிமிர்த்தினால் அழுத்தம் மட்டும் இருக்கும் கோடாகிவிடும் என்பதுதான் சூட்சுமம். இந்தப் பக்கத்தில் புத்தகத்தையே திருப்பிப் பார்க்கத் தோன்ற வேண்டும், அப்படி வரைந்திருந்தால் ஓவியர் கெட்டிக்காரர். மற்றபடி, கட்டடத்தின் பக்கத்தில் மனித உருவம் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் பிள்ளைக்கு அளவு பிடிபடாது. கட்டடத்தின் நடுப்பகுதி புத்தகத்தின் மடிப்புக்குள் மறைந்துபோயிருக்கிறதா என்றும் பாருங்கள், இது அநியாயத்துக்கு அடிக்கடி நடக்கிறது.

மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சில் கவனம் தேவை. கடைசிப் பக்கங்களில் ஆசிரியர் குறிப்பு இருக்கும், அதில் எந்தப் பேச்சு கடிதத்திலோ பேட்டியிலோ இருப்பது, எதைத் தானே எழுதினார் என்று சொல்லியிருக்கிறாரா பாருங்கள். அந்தக் குறிப்பே இல்லாத வாழ்க்கை வரலாற்றைக் கதைப் புத்தகமாக வாசித்துக்கொள்ளலாம், தகவலுக்கு நம்ப வேண்டாம். அந்தப் பக்கங்களைப் பிள்ளைக்கு வாசிக்க வேண்டியதில்லை, எழுத்து பொடியாக இருக்கும், சலித்துவிடும். நீங்கள் முன்கூட்டியே வாசித்து வைத்துக்கொண்டால் கேள்வி வரும்போது உதவும்.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், உங்கள் மகள் அட்டைப்பெட்டியில் கட்டுபவள் என்பதால் கெரேயின் பள்ளிக்கூடம் அல்லது ஃபிளாரன்ஸ் குவிமாடம், இந்த இரண்டில் ஒன்று என்பேன். இரண்டிலும் கையால் செய்துபார்க்க விஷயம் இருக்கிறது. மூன்று நான்கு புத்தகத்தை நூலகத்தில் எடுத்துவந்து போட்டுவிட்டு, எதை அவளே இரண்டாம் தடவை கேட்கிறாள் என்று பார்த்து அதை மட்டும் விலைக்கு வாங்குங்கள். ஆளின் கதையில் அவளுக்கு ஆர்வம் இல்லாவிட்டால், எழுத்தை விட்டுவிட்டுக் குறுக்குவெட்டுப் படம் இருக்கும் பக்கத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் விட்டுவிடுங்கள். ரைட்டை மட்டும் பத்து வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அப்போது அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது எது, மற்றவர்கள் கண்டுபிடித்தது எது என்று அவளோடு சேர்ந்தே பிரித்துப் பார்க்கலாம்.